இந்தச் சொல் செட் ஆகாது

ஆங்கிலத்தில் மிக அதிக அர்த்தம் உள்ள சொல் எது என்று நாலு பேர் கூடிய இடத்தில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ‘லவ்’ என்பார். சமீபத்தில் பென்ஷன் வாங்கத் தொடங்கியவர் ‘லைஃப்’ என்பார். சொந்தமாகக் கடை வைத்திருப்பவர் ‘ஜி.எஸ்.டி.’ என்பார். மூன்றும் தப்பு. 1989-இல் இருபது தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் ஆக நீளமான பதிவு மூன்றெழுத்துச் சொல் ஒன்றுக்குத்தான். எஸ், இ, டி. செட்.

வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 430 பொருள். ‘செட் அப்’, ‘செட் ஆஃப்’ என்று வால் முளைத்தவற்றையும் சேர்த்தால் 580. இதையெல்லாம் விளக்கி முடிக்க 60,000 சொற்கள் ஆகியிருக்கின்றன. அது ஒரு நாவலின் அளவு. கதாநாயகன் கிடையாது, வில்லன் கிடையாது, கடைசிப் பக்கத்தில் யாரும் திருந்துவதும் கிடையாது. ஆனாலும் நாவல்தான்.

அந்த அகராதிக்காரர்கள் மேல் எனக்கு ஒரு பரிதாபம் உண்டு. 1879-இல் ஜேம்ஸ் மர்ரி பொறுப்பேற்றபோது பத்தே வருஷத்தில் முடிப்பதாக ஏற்பாடு. ஐந்து வருஷம் கழித்து முதல் பகுதி வந்தது. ‘ஆன்ட்’ வரை வந்திருந்தது. அதாவது எறும்பு வரை. வேலை முழுக்க முடிந்தது 1928-இல். மர்ரி 1915-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இதைப் படித்த பிறகு எங்கள் பக்கத்து மேம்பாலத்தை நான் குறை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

எஸ் எழுத்தின் முற்பகுதி, அதாவது நம் செட் வருகிற பகுதி, ஹென்றி பிராட்லி என்பவர் தலையில் விழுந்தது. இவர் ஷெஃபீல்டில் கத்தி, கரண்டி விற்கும் கம்பெனி ஒன்றில் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். மேற்படி எறும்பு வரையிலான பகுதி வந்ததும் பத்திரிகையில் அதற்கு ஒரு மதிப்புரை எழுதினார். மதிப்புரை அபாரமாக இருந்ததால் அவரையே வேலைக்குப் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள். நம் ஊரில் மதிப்புரை எழுதுகிறவர்கள் பொதுவாக ‘படிக்க வேண்டிய நூல்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதிகம் தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் உட்கார வைத்துவிடுவார்கள்.

அப்படி என்னதான் 430 பொருள்? சூரியன் செட் ஆனால் மறைகிறது. அலாரத்தைச் செட் பண்ணினால் அடிக்கிறது. மேஜையைச் செட் பண்ணினால் சாப்பாடு வரப்போகிறது. பொறியைச் செட் பண்ணினால் நாமே யாருக்கோ சாப்பாடு வைக்கிறோம். முறிந்த எலும்பைச் செட் பண்ணுகிறார்கள், மோதிரத்தில் கல்லைச் செட் பண்ணுகிறார்கள், கவிதையை மெட்டில் செட் பண்ணுகிறார்கள், கோழியை முட்டைமேல் செட் பண்ணுகிறார்கள். வேட்டைக்குப் போகும்போது பறவை இருக்கும் இடத்தை மோப்பம் பிடித்ததும் சத்தம் போடாமல் பதுங்கிக் காட்டிக்கொடுக்கும் நாய்க்கு செட்டர் என்றே பெயர். இங்கிலாந்தில் பேட்ஜர் என்றொரு பிராணி, மண்ணைத் தோண்டி வளையில் வாழும். அந்த வளையும் செட்தான், எழுதும்போது டி மட்டும் ஒன்று கூடுதல். வாடகை கொடுக்காத பிராணிக்கு அந்த எழுத்தாவது உபரியாகக் கிடைக்கட்டும்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு நெருங்கிய பழக்கம் உள்ளது சிமெண்ட் செட் ஆவதுதான். வீட்டு வாசலில் சிமெண்ட் தளம் போட்டபோது கொத்தனார் ஒருவர் வந்தார். ஆங்கிலத்தில் கையெழுத்துகூடப் போடாதவர். ஆனால் ‘செட்’ விஷயத்தில் அவர் பேச்சுக்கு அப்பீல் கிடையாது.

“காலு வெக்காதீங்க சார், இன்னும் செட்டாவல.”

“எப்ப செட் ஆகும்?”

அவர் தளத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். கட்டைவிரலை ஓரத்தில் லேசாக அழுத்தி, பதிந்த தடத்தைக் கரணையால் தடவி மூடினார். “அது ஆவறப்ப ஆவும்” என்றார்.

இந்தியத் தர நிர்ணயம் இந்தப் பதிலைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் முப்பது நிமிஷத்துக்கு முன்னால் இறுக ஆரம்பிக்கக் கூடாது. 600 நிமிஷத்துக்குள் இறுகி முடித்தாக வேண்டும். இதைச் சோதிக்க, லூயி விகா என்ற பிரெஞ்சுக்காரர் பெயரில் ஓர் ஊசிக் கருவி உண்டு. ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எங்கள் வாசலில் அந்தச் சோதனையைத் தெருப் பூனை ஒன்று செய்துகொடுத்தது. நான்கு கால்களாலும் செய்தது. முடிவுகள் இன்றைக்கும் வாசலிலேயே இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லோரும் கோலமா என்று கேட்கிறார்கள்.

மறைவது, இறுகுவது, பதுங்குவது, அடைகாப்பது: இத்தனையும் எப்படி ஒரே சொல்லுக்குள் அடங்கியது என்ற சந்தேகம் வரும். இங்கேதான் ஒரு குடும்ப ரகசியம் இருக்கிறது. செட் என்பது ஒரு சொல்லே அல்ல. ஒரே சட்டை போட்டுக்கொண்டு திரியும் இரண்டு பேர்.

முதலாவது ஆள் சுத்த ஆங்கிலேயர். பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’ என்று இருந்தது. ‘சிட்’ என்றால் உட்கார். செட் என்றால் உட்கார வை. தமிழில் அமர், அமர்த்து. இரு, இருத்து என்று சொல்கிறோமே, அதே ஏற்பாடு. இந்தச் சாவியைப் போட்டதும் பாதி அர்த்தங்கள் தாமாகத் திறந்துகொள்கின்றன. எலும்பை அதனிடத்தில் அமர்த்து. கல்லை மோதிரத்தில் அமர்த்து. கோழியை முட்டைமேல் அமர்த்து. சூரியன் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்ததால் சாயங்காலம் உட்காருகிறது.

இரண்டாவது ஆள் அசலூர்க்காரர். லத்தீனில் ‘செக்வி’ என்றால் பின்தொடர்வது. அதிலிருந்து ‘செக்டா’, ஒருவர் பின்னால் போகிற கூட்டம். அது பிரெஞ்சு வழியாக ‘செட்’ ஆகி இங்கிலாந்துக்கு வந்து இறங்கியது. தட்டு, டம்ளர், நண்பர் குழாம் என்று தொகுதியாக வருவதெல்லாம் இவர் வகை. மதப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ இவருக்கு உடன்பிறப்பு. ஆக, ஒருவர் உட்கார வைப்பவர், இன்னொருவர் பின்னாலேயே நடப்பவர். உருவ ஒற்றுமை காரணமாக இவர் வாங்கிய கடனை அவரும், அவர் பெற்ற பெயரை இவரும் பல நூற்றாண்டாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். இரட்டை வேடப் படத்தில் கடைசிக் காட்சிக்கு முன்பாவது போலீசுக்குத் தெரிந்துவிடும். இங்கே ஆங்கிலேயர்களுக்கே இன்னும் தெரியாது.

இந்த இருவருக்கும் நம் பக்கத்தில் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் விசேஷம். ஐரோப்பிய மொழிகளும் சம்ஸ்கிருதமும் ஒரு குடும்பம் இல்லையா, அந்த வழியில் உட்காருகிற செட்டுக்குச் சம்ஸ்கிருதத்தின் ‘சத்’ என்ற வினை ஒன்றுவிட்ட சகோதரன். குருவின் அருகே போய் உட்கார்வதிலிருந்து உபநிஷத்து என்ற பெயர் வந்தது. வித்வான்கள் கூடி உட்கார்வது சதஸ். பின்தொடர்கிற செட்டின் பக்கத்தில் பார்த்தால், கூடவே வருகிற தோழி, நம் பழைய பாடல்களில் காலால் தரையைக் கீறியபடி தலைவி கூப்பிடுகிற ‘சகி’, அவளும் உறவு. ‘என் செட்டுப் பசங்க’ என்று கல்லூரிக்காரன் சொல்வதும் ‘ஏனடி சகி’ என்பதும் வேரில் ஒன்று. உபநிஷத்துக்குப் பங்காளி என்ற முறையில் செட்டுக்கு நாம் இன்னும் கொஞ்சம் மரியாதை கொடுத்திருக்கலாம். சட்னிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம்.

இந்த வம்சாவளியை நான் ஒரு கல்யாண மண்டபத்தில், ரம்மி ஆடிக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் விளக்கப் பார்த்தேன். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு. மண்டபத்து மாடியில் ஜமக்காளம் விரித்து இரவு முழுக்க ஆட்டம். ரம்மியில் மூன்று வெவ்வேறு ராஜா சேர்ந்தால் செட். ஒரே சின்னத்தில் ஏழு, எட்டு, ஒன்பது என்று வரிசையாக வந்தால் சீக்வென்ஸ். அந்தச் சின்னத்துக்கு ஆங்கிலத்தில் சூட் என்று பெயர். மூன்று சொல்லுமே அந்த லத்தீன் ‘செக்வி’ பெற்ற பிள்ளைகள் என்பதை எடுத்துச் சொன்னேன்.

“அப்ப செட்டும் சீக்வென்ஸும் ஒண்ணா?” என்றார் பெரியப்பா, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பிறப்பால ஒண்ணுதான் பெரியப்பா.”

“அப்படீன்னா நான் ரெண்டு செட்டு வெச்சு டிக்ளேர் பண்றேன். சீக்வென்ஸ் இல்லாட்டி என்ன, அண்ணன் தம்பிதானே? இவங்ககிட்ட சொல்லு.”

சொன்னேன். எதிரே இருந்த சம்பந்தி வீட்டார் சொற்பிறப்பியலில் நம்பிக்கை இல்லாதவர்கள். எண்பது பாயிண்ட் போட்டுவிட்டார்கள். பெரியப்பா அதற்கப்புறம் என்னிடம் காப்பி வந்ததா என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு செட் எடுத்த அவதாரங்கள் ஆக்ஸ்போர்டுக்கே தெரியாதவை. பம்பு செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பும் மோட்டாரும் ஜோடியாக வந்ததால் செட். இயந்திரத்தின் பெயர், அவ்வளவுதான். ஆனால் கிராமத்தில் பம்பு செட் ஓர் இடம். “பம்பு செட்டுக்குப் போறேன்” என்றால் குளிக்கப் போகிறேன் என்று அர்த்தம். “பம்பு செட்டுல பார்த்தேன்” என்றால் வதந்தி ஒன்று வரப்போகிறது என்று அர்த்தம். வயலெல்லாம் மனை ஆன பிறகும் எங்கள் பக்கத்துப் பேருந்து நிறுத்தம் ஒன்றுக்கு நடத்துனர் இன்னமும் ‘பம்பு செட்டெல்லாம் எறங்கு’ என்கிறார். இறங்குகிறவர்கள் அடுக்குமாடிக்காரர்கள். அங்கே தண்ணீர் லாரியில் வருகிறது.

மைக் செட்டில் மைக் ஒன்றே ஒன்றுதான். மீதி செட்: பெட்டி, ஆம்ப்ளிஃபயர், தென்னைமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர், தேவைப்பட்டால் சீரியல் செட். சீரியல் செட் என்றால் தொலைக்காட்சித் தொடருக்குப் போடும் வீடு என்று நகரத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். வரிசையாக எரியும் கலர் பல்பு அது. அந்தத் தொலைக்காட்சித் தொடர் வீடும் செட்தான், மறுக்கவில்லை. சினிமா செட் என்றால் எனக்கு ‘நாயகன்’ ஞாபகம் வரும். பம்பாய் தாராவியைச் சென்னை ஸ்டுடியோவுக்குள் எழுப்பிக் காட்டினார் தோட்டா தரணி. தேசிய விருதும் வாங்கினார். சென்னையிலேயே அசல் குடிசைகள் ஏராளமாக இருக்க, செலவு செய்து போலிக் குடிசை கட்டுவது சினிமாவில்தான் நடக்கும்.

டிவி செட்டின் கதை பரிதாபமானது. டிவி, பெட்டியாக இருந்த காலத்தில் அதன் தலைமேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்து செட்டாப் பாக்ஸ் என்றார்கள். தலையில் ஏற்கெனவே ஒரு குரோஷா விரிப்பும், தஞ்சாவூர்ப் பொம்மையும், கல்யாண போட்டோவும் இருந்தன, இதுவும் ஏறிக்கொண்டது. இப்போது டிவி சுவரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்குத் தலையே கிடையாது. செட்டாப் பாக்ஸ் கீழே தொங்குகிறது, அதே பெயருடன். பதவி போன பிறகும் ‘மாஜி’ போட்டுக்கொள்ளாதவர்களை நாம் அரசியலிலும் பார்க்கிறோம்.

அடுத்தது செட் தோசை. கன்னட நாட்டிலிருந்து வந்தது. மெத்தென்று, பொடிப் பொடித் துளையோடு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். அங்கே சாகு, சென்னையில் வடகறி. ஒரு நாள் பசி கொஞ்சமாக இருந்ததால் செட் தோசையில் ஒன்று மட்டும் கேட்டேன்.

“ஒண்ணு குடுத்தா அது செட் இல்ல சார். வெறும் தோசை.”

“சரி, வெறும் தோசையே குடுங்க. வடகறியோட.”

“வெறும் தோசைக்கு வடகறி கிடையாது சார். வடகறி செட்டுக்குத்தான்.”

சர்வரின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் கியார்க் கேன்டர் இருந்திருந்தால் எழுந்து சண்டைக்குப் போயிருப்பார். கணிதத்தில் செட் தியரி என்ற துறையை 1874-இல் தன் கட்டுரை ஒன்றால் தொடங்கி வைத்த ஜெர்மானியர் அவர். நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ‘கண மொழி’ என்று முதல் பாடத்திலேயே படிப்பது இதைத்தான். அதன்படி ஒற்றைத் தோசையும் செட்தான். ஓருறுப்புக் கணம் என்று பெயர். தோசையே இல்லாத காலித் தட்டும் செட்தான்; அது வெற்றுக் கணம். கேன்டரின் ஓட்டலில் எதுவும் சாப்பிடாமல் எழுந்து போனாலும் பில் வரும் என்று தோன்றுகிறது. வடகறியும் வரும்.

டென்னிஸில் இதற்கு நேர்மாறு. அங்கே செட் வந்தால் போக மாட்டேன் என்கிறது. 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மஹூவும் ஆடிய ஐந்தாவது செட் எட்டு மணி பதினொரு நிமிஷம் நடந்தது. 47-47 ஆனபோது ஸ்கோர் போர்டு நின்றுபோனது. அதற்கு மேல் ஒரு மனிதன் ஆடுவான் என்று அதை எழுதிய மென்பொருள்காரருக்குத் தோன்றவில்லை. கடைசியில் மூன்றாம் நாள் 70-68 என்று இஸ்னர் ஜெயித்தார். சிமெண்ட் 600 நிமிஷத்தில் செட் ஆகிறது; இந்த ஆட்டம் மொத்தம் 665 நிமிஷம். சிமெண்ட் தேவலாம்.

பேச்சுத் தமிழில் செட் ஆகுமா ஆகாதா என்பதுதான் இன்று பெரும்பாலான குடும்பங்களின் தலைவிதி. பெண் பார்த்துவிட்டு வந்த பையன் “செட் ஆகாது” என்றால் அதில் மூக்கு, சம்பளம், வருங்கால மாமியாரின் குரல் எல்லாம் அடக்கம். விளக்கம் கேட்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து அவனே அலுவலகத்தில் ‘ஆள் செட் ஆயிடுச்சு’ என்று வந்து நின்றால் அப்போதும் கேட்கக் கூடாது. ‘ஆளை செட் பண்ணிட்டாங்க’ என்றால் அடியாள். ‘ஆபீஸ்ல ஒருத்தர செட் பண்ணி வெச்சிருக்கேன்’ என்றால் ஃபைல் நகரும். ‘செட்டப்’ என்றால் குழந்தைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டுப் பேச வேண்டிய விஷயம். ஆங்கிலத்தில் வெறுமனே ஏற்பாடு என்று பொருள்படுவதை இவ்வளவு ருசியாக்கியது முழுக்க முழுக்க நம் பங்களிப்பு.

இதற்கு நடுவே, இந்த இரண்டு வெளியூர்க்காரர்களும் வருவதற்கு முன்பே இங்கே குடியிருந்த ஒரு செட்டு உண்டு. தமிழ்ச் செட்டு. சிக்கனம் என்று பொருள். கட்டும் செட்டுமாகக் குடித்தனம் நடத்துவது என்பார்கள். அத்தை மகளின் கல்யாணத்தில் பாட்டி மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, “போற எடத்துல செட்டா இருந்துக்கோம்மா” என்றாள். மாப்பிள்ளை உடனே முந்திக்கொண்டு, “அதெல்லாம் ஆல்ரெடி செட் ஆயிட்டா பாட்டி” என்றார். பாட்டிக்குப் பரம திருப்தி. இவ்வளவு சீக்கிரம் சிக்கனம் படிந்த பெண்ணை அவள் பார்த்ததில்லை. அன்று சாயங்காலமே புதுத் தம்பதி டிரெஸ்ஸிங் டேபிள், சோஃபா செட், டின்னர் செட் என்று வாங்கக் கிளம்பிப் போனதைப் பாட்டியிடம் யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு கெட்ட செய்தி. ஆக்ஸ்போர்டு அகராதியின் மூன்றாம் பதிப்புக்காகச் சொற்களைத் திருத்தி எழுதி வருகிறார்கள். அதில் முதலில் ‘மேக்’, அப்புறம் ‘புட்’, 2011-இல் ‘ரன்’ என்று ஒவ்வொன்றாக முந்திக்கொண்டன. ரன்னுக்கு வினையாக மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ஒன்பது மாதம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். ஓடுகிற சொல் உட்கார்ந்திருக்கும் சொல்லை ஜெயிப்பது இயற்கைதான் என்றாலும், எனக்கு வருத்தம். நாம் ரன்னை வைத்துக்கொண்டு என்ன செய்தோம்? கிரிக்கெட்டில் எடுத்தோம், ஒரு படத்துக்குப் பெயர் வைத்தோம். செட்டைத்தான் சோறு போட்டு வளர்த்திருக்கிறோம்.

(இந்த இடத்தில் ‘கட்டு’ என்ற நம் சொல்லை நினைத்துப் பெருமூச்சு விடுகிறேன். வீடு கட்டுகிறோம், தாலி கட்டுகிறோம், வரி கட்டுகிறோம், கதை கட்டுகிறோம். நெஞ்சில் சளி கட்டுகிறது, ராத்திரி கொசு வலை கட்டுகிறோம், எதுவும் கட்டுப்படியாகவில்லை. கில்லிவரிடம் இதைக் கொடுத்தால் பென்ஷனுக்கு முன்னால் முடிப்பாரா?)

ஆகவே செட்டின் கட்சிக்காரன் என்ற முறையில் என்னால் ஆனதைச் செய்யலாம் என்று இருக்கிறேன். ஆக்ஸ்போர்டுக்காரர்கள் நம்மைக் கவனிக்காதவர்கள் அல்ல. 2016-இல் ‘ஐயோ’வைச் சேர்த்தார்கள், மறு வருஷம் ‘அண்ணா’வைச் சேர்த்தார்கள். ‘செட் ஆகாது’வையும் கேட்டால் சேர்ப்பார்கள். ஆனால் அவர்கள் விதிப்படி பொருள் விளக்கம் வேண்டும், ஆதாரமாக ஓர் எடுத்துக்காட்டு வாக்கியமும் வேண்டும். விளக்கத்தை ஒரு மாதிரி எழுதிவிட்டேன்: ‘வினை. காரணம் கூறாமல், கூறும் உத்தேசமும் இல்லாமல், மேற்கொண்டு கேட்பவரின் வாயை அடைத்து ஒன்றை நிராகரித்தல்.’

எடுத்துக்காட்டு வாக்கியத்துக்குத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதிய தாளை வாங்கிப் படித்துப் பார்த்த என் மனைவி, ஒரே சொல்லில் அதையும் தந்துவிட்டுப் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.